காரோடு வந்த நேவிகேஷனா, கைபேசியா, புதுத் திரையா? நெடும்பயணத்துக்கு எதை நம்பலாம்

பத்து வருடத்துக்கு முன்பு டாப் மாடல் கார் எடுத்தவர்களில் பலர் நேவிகேஷனுக்காகவே கூடுதலாகப் பணம் கட்டினார்கள். அந்தக் கார்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. டாஷ்போர்டில் இருக்கும் மேப் மட்டும் பழைய தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்டது. அதில் தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டலூரில் ஏறும் சென்னை வெளிவட்டச் சாலை மீஞ்சூர் வரை போகாமல் பாதியிலேயே நிற்கிறது. தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் எல்லாம் கிளாம்பாக்கத்துக்கு மாறிய செய்தி அதற்கு வந்து சேரவே இல்லை.

இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பணம் கட்டி மேப்பைப் புதுப்பிக்கலாம். ஒரு ஹோல்டர் வாங்கிக் கைபேசியை மாட்டிக்கொள்ளலாம். அல்லது பழைய ஸ்டீரியோவையே கழற்றிவிட்டு, கைபேசியோடு இணையும் புதுத் திரை போடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேப்பைப் புதுப்பிக்கப் பணம் கொடுக்காதீர்கள். விதிவிலக்குகள் இரண்டு உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மேப் ஏன் இவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்று பார்ப்போம். அது ஒரு எஸ்டி கார்டிலோ காரின் உள் நினைவகத்திலோ உறைந்து கிடக்கிறது. மேப் நிறுவனம் சாலைத் தகவலைச் சேகரித்து, கார் கம்பெனி அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி சோதித்து, பிறகுதான் கார்டில் ஏற்றுகிறார்கள். அதனால் டெலிவரி எடுக்கும் நாளிலேயே அது புதிய மேப்பாக இருப்பதில்லை. நம் சாலைகளோ நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புது எண் கொடுத்தார்கள். சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7 இப்போது 44. சேலம்–கோவை–கொச்சி சாலை 47 என்று இருந்தது, இப்போது 544. சென்னை–திருச்சி சாலையின் பழைய 45 மூன்று துண்டாகி, திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு 38 ஆகிவிட்டது. பலகைகளில் புது எண் ஏறிய பிறகும் பல கார்களின் நேவிகேஷன் நீண்ட நாள் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரருக்கு இதனால் ஒன்றும் இல்லை, அவருக்கு அது எப்போதும் ஜிஎஸ்டி ரோடுதான். வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவர் உளுந்தூர்பேட்டைப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறுவார்.

எண்ணையாவது சமாளித்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை பைபாஸ்தான். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையை நான்கு வழியாக்கும் வேலை தொடங்கியபோது, ஊருக்கு ஊர் புறவழிச் சாலை போட்டார்கள். அந்தப் புதுச் சாலையில் ஏறியதும் பழைய நேவிகேஷன் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் சில நூறு மீட்டர் வரை அம்புக்குறி பழைய சாலையையே பிடித்துக்கொண்டிருக்கும். சாலைகள் விலக விலக அது பக்கவாட்டில் நழுவி, சாலையே இல்லாத வெற்றுப் பச்சைக்குள் மிதக்கும். 'முடிந்தால் யூ-டர்ன் எடுக்கவும்' என்ற குரல் வரும். போய்ச்சேரும் நேரம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் 'அது திரும்பச் சொல்லுதே, நிறுத்திக் கேளேன்' என்று பதறுவார். நான்கு வழிச் சாலையில் தொண்ணூறில் போகும்போது இந்தக் குழப்பம் வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. யூ-டர்ன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஓட்டுநரின் கால் தன்னையறியாமல் பிரேக்குக்குப் போகிறது. பின்னால் லாரி வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மேப் பழசாகிவிட்ட காரில் நெடுஞ்சாலையில் அந்தக் குரலை அணைத்து வையுங்கள் என்பேன்.

ஊர் தேடுவதும் பெரும்பாடுதான். மாநிலம், ஊர், தெரு என்று படிப்படியாக உள்ளே போக வேண்டும். தூத்துக்குடி என்று அடித்தால் கிடைக்காது, ட்யூட்டிகொரின் என்று அடித்தால் கிடைக்கும். சில மாடல்களில் வண்டி நகரும்போது எழுத்துப் பலகையே பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான், ஆனால் பக்கத்து சீட்டில் சும்மா இருப்பவரும் அடிக்க முடியாது. ஓரங்கட்டி நிறுத்தினால்தான் வழி.

வயது ஏறினால் மேப்போடு சேர்ந்து கருவியும் தளர்கிறது. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 அன்று. இதையெல்லாம் முன்கூட்டி யோசிக்காமல் எழுதப்பட்ட மென்பொருள் தேதியைத் தப்பாகக் காட்டத் தொடங்கும். 2022 ஜனவரியில் உலகின் பல இடங்களில் பழைய ஹோண்டா, அக்யூரா கார்களின் கடிகாரம் 2002-க்குப் போய் நின்றது.

இவ்வளவு குறை சொன்னாலும், காரோடு வந்த கருவிக்கு என்று சில பலங்கள் உண்டு. அதன் ஆன்டெனா வானம் தெரியும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும் வேகத்தையும் வண்டி திரும்பும் கோணத்தையும் அது காரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், செயற்கைக்கோள் சிக்னல் அறுந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கம் இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அதற்குள் கைபேசியின் அம்புக்குறி தடுமாறும். காரின் நேவிகேஷனால் உள்ளேயும் தன் இடத்தைக் கணக்கிட முடியும். ஆனால் அந்தச் சுரங்கத்தின் முதல் குழாய் திறந்ததே 2021 ஜூலை கடைசியில்தான். 2016 மேப்பில் அங்கே வெறும் மலை. சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன, மேப்பில் சாலை இல்லையே.

சரி, அப்படியானால் மேப்பைப் புதுப்பித்துவிடலாமே என்று தோன்றும். நானும் விசாரித்தேன். சர்வீஸ் சென்டரில் 'இதுதான் சார் லேட்டஸ்ட்' என்று காட்டிய பதிப்பு, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறப்பதற்கு முந்தையது. அது திறந்தது 2023 டிசம்பர் 30. பணம் கட்டிப் புதுப்பித்தாலும், போட்ட மறுநாளே அது மறுபடி பழசாகத் தொடங்கும். போக்குவரத்து நெரிசல் தெரியாது. கார்டு பெரும்பாலும் அந்த ஒரு யூனிட்டோடு பூட்டப்பட்டிருக்கும், வேறு காருக்குப் பயன்படாது. சில வருடம் கழித்து, இந்த மாடலுக்கு இனி மேப் வராது என்று கம்பெனியே கைவிட்டுவிடும்.

புதுப்பிப்பது சரி என்று நான் சொல்லும் இடங்கள் இரண்டே. ஒன்று, கம்பெனி அதை இலவசமாகத் தந்தால். வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும். இன்னொன்று, ஏசி, கேமரா, வண்டியின் மற்ற செட்டிங் எல்லாம் அதே திரைக்குள் பின்னிக் கிடக்கும் விலை உயர்ந்த கார்கள். அவற்றில் திரையைக் கழற்றவே முடியாது. அங்கேயும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேப் தகவல் எந்த வருடம் எந்த மாதத்தோடு நிற்கிறது, இந்த மாடலுக்கு அடுத்த பதிப்பு வருமா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கைபேசி. மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இதில்தான். நெரிசல் தெரியும், புதுச் சாலை சீக்கிரம் வந்து சேரும், தமிழிலேயே வழி சொல்லும். சட்டச் சிக்கலும் இல்லை. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளே அனுமதிக்கின்றன. அதைக் காட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பேச முடியாது, அது தனிக் குற்றம்.

கைபேசியின் முதல் எதிரி வெயில். கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டும் ஹோல்டரில் மாட்டி, சித்திரை மாத மதியத்தில் விராலிமலையைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், சில போன்கள் சூடு தணியட்டும் என்று வேலையையே நிறுத்திவிடும். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் ஹோல்டர் இதற்கு நல்ல தீர்வு, குளிர்காற்று போனின் முதுகில் அடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம், பழைய கார்களில் இருக்கும் யுஎஸ்பி துளையை நம்பாதீர்கள். பாட்டு கேட்கத்தான் அது. திரை எரிந்து, ஜிபிஎஸும் ஓடும்போது சார்ஜ் ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் நல்ல சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் சிக்னல். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. இந்த மாதிரி மலைப்பாதைகளில் வழி முழுக்க நெட் இருக்கும் என்று எண்ணிப் புறப்படக் கூடாது. வீட்டு வைஃபையிலேயே கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை இறக்கிவையுங்கள். இறக்கிய மேப்பில் நேரடி நெரிசல் தெரியாது, வழி தெரியும், அது போதும். கூடவே ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இயங்குபவை இவை. முழு மாநிலத்தையும் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஊர் தேடலாம், வழி போடலாம். ஒரு ஊரில் மாட்டு வண்டிப் பாதை வரை இருக்கும், அடுத்த ஊரில் பெரிய தெருவே இருக்காது. அங்கே யார் எவ்வளவு வரைந்தார்களோ அவ்வளவுதான். அதனால் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பிப் போக முடியாது. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸையும் சொல்ல வேண்டும். 1995-இல் தொடங்கிய நிறுவனம், நம் நாட்டில் பல கார்களின் உள்ளே இருக்கும் மேப்பே அவர்களுடையதுதான். அதே மேப்பைக் கைபேசியில், புதுத் தகவலோடு இலவசமாகப் பார்க்கலாம். வேகத்தடை எச்சரிக்கையும், மேம்பாலப் பிரிவில் எந்த லேன் என்று படமாகக் காட்டுவதும் நெடும்பயணத்தில் உண்மையாகவே உதவுகின்றன.

கைபேசி காட்டும் வழியெல்லாம் சரியான வழி என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப் காட்டிய வழியில் போன கார் ஒன்று, குடியிருப்புக்கு நடுவே இருந்த படிக்கட்டில் போய்ச் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, ஒரு பகுதி ஏற்கனவே இடிந்துபோயிருந்த பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். நேவிகேஷனைப் பார்த்து ஓட்டியதாகவே செய்திகள் சொல்லின. பாலத்தின் முனையில் தடுப்பு வைக்காதது நிர்வாகத்தின் பெரும் குற்றம், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் பாலம் உடைந்தது அவர்கள் பார்த்த மேப்புக்கு ஏறவில்லை. 2024 ஜூலையில் கூகுள், குறுகலான தெருக்களைத் தவிர்த்து வழி போடும் வசதியைச் சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில் கொண்டுவருவதாக அறிவித்தது. நல்ல காரியம். கிராமச் சாலைக்கு அது போதாது. என் பழக்கம் இது: ஐந்நூறு கிலோமீட்டர் பயணத்தில் கால் மணி நேரத்துக்குக் குறைவாக மிச்சமாகும் என்று ஒரு மாற்றுவழி காட்டினால், அதைத் தொடவே மாட்டேன். இருட்டிய பிறகு, எவ்வளவு மிச்சம் என்றாலும் நெடுஞ்சாலையைவிட்டு இறங்குவதில்லை.

மூன்றாவது வழி, புதுத் திரை. கார் ஆக்சஸரீஸ் கடையில் 'ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ' என்று கேட்டால் இரண்டு விதமான பொருளையும் அதே பெயரில் எடுத்து வைப்பார்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று, தானே ஒரு டேப்லெட் போல இயங்கும் திரை. அதற்குத் தனியாக ஹாட்ஸ்பாட் போட வேண்டும், மலிவானவற்றில் நினைவகம் குறைவு, இரண்டு வருடத்தில் மேப்பைத் திறக்கவே திணறும். அதாவது, பழைய நேவிகேஷனின் அதே நோய் புது உருவில் வீட்டுக்கு வருகிறது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஆண்ட்ராய்டு போனுக்கு), கார்ப்ளே (ஐபோனுக்கு) மூலம் கைபேசியில் ஓடும் நேவிகேஷனைக் காட்டும் திரை. மூளை கைபேசியில் இருக்கிறது, திரை வெறும் திரை. போனை மாற்றினால் நேவிகேஷனும் புதிதாகிவிடும். வாங்கினால் இதை வாங்குங்கள். சில யூனிட்டில் இரண்டும் இருக்கும், அது பரவாயில்லை.

இதன் உண்மையான லாபம் பெரிய படம் தெரிவதில் மட்டும் இல்லை. போன் வெயிலிலிருந்து இறங்கி, கியர் பக்கத்துத் தட்டுக்கு வந்துவிடுகிறது, சூட்டுப் பிரச்சினையே தீர்ந்தது. வயர்லெஸ் வசதி இருந்தாலும் நெடும்பயணத்தில் கேபிளே மேல். வயர்லெஸில் போன் சூடாகும், சார்ஜும் குறையும். போனை கிளவ் பாக்ஸுக்குள் போட்டு மூடாதீர்கள். வெளியே வாங்கிப் போட்ட பல யூனிட்டுகள் போனின் ஜிபிஎஸையே நம்பி இருக்கின்றன, அதற்கு வானம் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

பொருத்தும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. காரின் வயரை வெட்டி, டேப் சுற்றி ஒட்டும் கடைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளரை வாங்கிச் செருகச் சொல்லுங்கள். ஸ்டீரிங் பொத்தான்களும் பழைய ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாரண்டி மிச்சம் இருக்கும் வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது அவசியம். அதே மூச்சில் இன்னொன்றும் கேளுங்கள்: சில மாடல்களில் காரோடு வந்த திரைக்கே மென்பொருள் அப்டேட் மூலம் ஆண்ட்ராய்டு ஆட்டோவைச் சேர்த்துத் தருகிறார்கள். உங்களுடையது அதில் ஒன்றாக இருந்தால் புதுத் திரைக்கான செலவே இல்லை.

யாருக்கு எது என்றால், வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் தூரப் பயணம் போகிறவருக்கு ஹோல்டர், சார்ஜர், இறக்கிய மேப், இந்த மூன்றும் தாராளமாகப் போதும். காரை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், மாதந்தோறும் ஊருக்குப் போய்வருகிறீர்கள் என்றால் திரையில் போடும் பணம் வீணாகாது. ஓரிரு வருடத்தில் விற்கப்போகும் காருக்குத் திரை வேண்டாம், விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது. எதைப் போட்டாலும், பழைய நேவிகேஷனில் சேமித்திருக்கும் வீட்டு முகவரியை விற்கும் முன் அழித்துவிடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றையும் நம்பி விட்டுவிட முடியாத சில விஷயங்கள் தனியாக இருக்கின்றன. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு அமலில் இருக்கிறது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் தனியார் வாகனங்களுக்குக் காலை 6-க்குத்தான் திறக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. மசினகுடி–கல்லட்டி மலைப்பாதையில் எந்த வண்டியை, எந்தத் திசையில் விடுவார்கள் என்பதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மேப் நீல நிறத்தில் அழகாக வழி போட்டுக் காட்டும், செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்புவார்கள். குழந்தைகள் தூங்கும் நேரத்தில், காட்டின் வாசலில், எந்த விடுதியும் பதிவு செய்யாமல் நிற்பதைப்போல அலுப்பு வேறில்லை. மலைக்கும் காட்டுக்கும் போகும் முன், தங்கப்போகும் இடத்துக்கு ஒரு போன் போட்டு 'எத்தனை மணிக்குள் வர வேண்டும், எந்த வழியாக வர வேண்டும்' என்று கேட்டுவிடுங்கள். அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்தது எந்தத் திரையிலும் வருவதில்லை.

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேவிகேஷனுக்காக மட்டும் அடுத்த வேரியன்ட்டுக்குப் போகாதீர்கள். இணைய வசதியோடு வரும் புதிய நேவிகேஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முதல் சில வருடம்தான் இலவசம், பிறகு சந்தா. அந்தச் சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் எதெல்லாம் நிற்கும் என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். டெஸ்ட் டிரைவின்போது, உங்கள் ஊரில் கடந்த ஒரு வருடத்துக்குள் திறந்த ஒரு மேம்பாலத்தையோ பைபாஸையோ தாண்டும்படி வண்டியை விடுங்கள். அம்புக்குறி சாலையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.